வாய் நசுங்கிய கூடுகள்

மொன்டானாவில் எங்கள் பக்கத்தில் ஒருவனை நம்புகிறோம் என்று வாய் திறந்து சொல்லும் வழக்கம் கிடையாது. அவன் வீட்டில் நிரப்பிய தோட்டாவை நம் துப்பாக்கியில் போட்டு, கன்னத்தை அதன் கட்டையில் பதித்துச் சுட்டால் போதும். அதற்குமேல் நம்பிக்கை என்று ஒன்று இல்லை. நான் என் அண்ணன் ஹார்லன் நிரப்பிய தோட்டாவைத் தவிர வேறு எதையும் சுட்டதில்லை. கடைத் தோட்டா வாங்குகிறவனை அவன் ஓட்டல் சோற்றில் வளர்ந்த பிள்ளை என்பான்.

சுட்ட தோட்டாவில் தீர்ந்துபோவது குண்டும் வெடிமருந்தும்தான். பித்தளைக் கூடு, சரியாகப் பார்த்துக்கொண்டால், திரும்பத் திரும்ப உழைக்கும். அந்தப் பார்த்துக்கொள்ளும் வேலை முழுக்க என் அண்ணி லவோனுடையது. சமையலறை மேசையில் பழைய போர்வையை விரித்து, வானொலியில் கோதுமை விலையைக் கேட்டுக்கொண்டே செய்வாள். அடியில், மருந்துக்குத் தீ வைத்துவிட்டுச் செத்துக் கிடக்கும் கேப் வில்லையைத் தட்டி எடுப்பாள். உடைத்த வால்நட் ஓட்டோடு மெஷினில் போட்டு உருட்டிப் பளபளப்பாக்குவாள். ஹார்லன் பூட்டி வைத்த அச்சில் கொடுத்துப் பழைய அளவுக்கு அமுக்கி, நீண்டுபோன கழுத்தைச் செதுக்குவாள். மருந்தை நிறுத்துப் போட்டுக் குண்டை உட்கார வைப்பது மட்டும் ஹார்லன், அதுவும் அவன் பட்டறையில். கல்யாணமான காலத்திலிருந்து அப்படித்தான். எதற்கெல்லாமோ சண்டை போட்டிருக்கிறார்கள், ஆனால் இதில் ஒருவர் பங்கில் மற்றவர் கை வைத்ததில்லை.

அந்த வீட்டில் இரண்டு கண்டிப்பு உண்டு. ஒரு துப்பாக்கியில் சுட்ட கூடு அந்தத் துப்பாக்கிக்கே திரும்பிப் போக வேண்டும். அதற்காக ஆளுக்கொரு காப்பி டப்பா, மூடியில் பெயர். இன்னொன்று, கூடு கெட்டுவிட்டது என்று தெரிந்த நிமிஷமே குறட்டால் அதன் வாயை நசுக்கிவிட வேண்டும். சும்மா எறிந்தால் யாராவது பொறுக்கி, நல்லதென்று நினைத்து நிரப்பிவிடுவார்கள். வாய் நசுங்கிய கூட்டை மொன்டானாவில் எந்த மடையனும் தொட மாட்டான்.

செப்டம்பரில் எல்க் மான் வேட்டைக்கு முன்னால் குறி சரிபார்க்க, ஊர்க்காரர்கள் சுட்டுப் பழகும் ஜல்லிக் குழிக்குப் போனேன். எடுத்துப் போனது அப்பாவின் துப்பாக்கி. எங்கள் அப்பா இங்வால்ட் கொரியச் சண்டையிலிருந்து திரும்பி வந்து வாங்கிய முதல் பொருள் அது. அவர் கன்னம் பட்டுப் பட்டுக் கட்டையில் மெருகு போன இடத்தில் இப்போது என் கன்னம் இருக்கும். மூத்தவன் ஹார்லனுக்குத்தான் அது வந்திருக்க வேண்டும். எனக்கு விவாகரத்து ஆன வருஷம், "உனக்கு வீட்டுல ஒரு துணை வேணும், இத வச்சுக்க" என்று கொண்டுவந்து கொடுத்துவிட்டான். கிண்டல்தான், ஆனால் திருப்பிக் கேட்கவில்லை.

முதலில் சுட்டவை ஒழுங்காகப் போயின. அடுத்தது டப் என்று பாட்டில் மூடி கழன்ற மாதிரி ஒரு சத்தம். தோளில் உதையே இல்லை. கை பழக்கத்தில் அடுத்த தோட்டாவை ஏற்றப் போய்விட்டது. ஏனோ நின்றேன். துப்பாக்கியின் பின்பக்கப் பூட்டைக் கழற்றிக் குழல் வழியாக வானத்தைப் பார்த்தேன். இருட்டாக இருந்தது. குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக் கிடந்தது. அதன் முதுகில் இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் என் கையிலேயே வெடித்திருக்கும்.

வீட்டுக்கு வந்து குண்டைத் தட்டி எடுத்தேன். பிறகு, அந்த வருஷம் ஹார்லன் நிரப்பிக் கொடுத்த மிச்சத் தோட்டாக்களைப் பிரித்துப் பார்த்தேன். பல சரியாகவே இருந்தன. சிலவற்றில் மருந்தே இல்லை. ஒன்றில், கைத்துப்பாக்கிக்குப் போடுகிற வேகமான மருந்து கழுத்து வரைக்கும் இருந்தது. அதைச் சுட்டிருந்தால் என் முகம் மிஞ்சியிருக்காது.

யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லித் தேற்றிக்கொள்ள முடியாத விஷயம் இது. ஏனென்றால் என் அண்ணனுக்கு வசந்தத்திலிருந்தே சறுக்கிக்கொண்டுதான் இருந்தது. கவுண்டியின் பனி ஒதுக்கும் வண்டியை வாழ்நாள் பூராவும் ஓட்டியவன், மே மாதம் சொந்த வீட்டுக்கு வழி தெரியாமல் பெட்ரோல் பங்கில் நின்றான். டாக்டர் மறதி நோய் என்று சொல்லி வண்டி லைசென்சைப் பிடுங்கிக்கொண்டார். அதிலிருந்து அவனுக்கு மிஞ்சியது பட்டறையும் அந்த பெஞ்சும்தான்.

மறுநாள் அண்ணியைப் பார்க்கப் போனேன். கோழிக் கொட்டகையில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிரித்தெடுத்ததைக் கைக்குட்டையில் காட்டினேன். பார்த்தவள் முட்டைக் கூடையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவன் நிரப்புறப்ப நீ பாக்கவே இல்லையா அண்ணி?"

"கூடு என் வேல. மருந்து அவன் வேல. என்னிக்கு நான் எட்டிப் பாத்தேன்?"

"என் மூஞ்சியே போயிருக்கும்."

"அதான் தெரியுதே." கைக்குட்டையை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள். "போன வாரம் கோழிக்குத் தீனி வச்சுட்டேன்னான். வந்து பாத்தா என் பூந்தொட்டி பூரா தீனி. செடிக்குப் பசிக்கும்லன்னு சிரிச்சுட்டு விட்டுட்டேன். சிரிச்சிருக்கக் கூடாது."

"இனிமே நிரப்ப வேணாம்னு சொல்லிருவோம்."

"யாரு? நீ சொல்றியா?"

நான் குனிந்து முட்டைக் கூடையைத் தூக்கிக்கொண்டேன்.

"லைசென்ஸ் போன அன்னிக்கி என்ன சொன்னான் தெரியுமா உனக்கு? அந்த பெஞ்சையும் எடுக்குற அன்னிக்கி என்னையும் சேத்து எடுத்துருங்கன்னான். கோவத்துல சொல்லியிருந்தா நான் கண்டுக்கவே மாட்டேன் வெண்டல். சாப்பாட்டுக்கு உப்பு கேக்குற மாதிரி சொன்னான்." அவள் கை கவுனின் பையைத் தடவியது. "பக்கத்துப் பண்ணை ஜாய்ஸ் வீட்டுக்காரன் மாடெல்லாம் ஏலத்துல போன மறுநாள் கொட்டாய்க்குள்ள போனான். வெளிய தூக்கிட்டுத்தான் வந்தாங்க. நான் தெனமும் அதத்தான் நெனச்சுக்கிட்டுப் படுக்குறேன்."

எனக்கும் அது தெரியும். ஹார்லனுடைய துப்பாக்கிகளைப் பேரனுக்கு என்று சொல்லி அவன் மருமகன் பில்லிங்ஸ் ஊருக்குக் கொண்டுபோனது அந்தப் பயத்தில்தான். ஆகவே விஷயம் இவ்வளவுதான்: அவனை நிரப்ப விட்டால் நானோ இன்னொருவனோ சாவோம். நிறுத்தச் சொன்னால் அவன் சாவான். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

வழி கண்டுபிடித்தது அண்ணி. "கூடு கெட்டுப்போச்சுன்னு சொல்லிடறேன். உன் டப்பா மொத்தமும். மத்தவங்க யாரும் இந்த வருஷம் நிரப்பக் கேக்கல. கூடு இல்லன்னா எத நிரப்புவான்? இந்த வருஷம் தப்பிச்சுருவோம். அடுத்த வருஷத்துக்குள்ள அவனுக்கே எல்லாம் மறந்துரும்."

கடைசியாகச் சொன்னதை அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

கூடு கெடுவதில் மோசமான ஒரு வகை இருக்கிறது. துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை தேய்ந்து நீண்டுவிட்டால், சுடும்போதெல்லாம் கூடு இழுபட்டு அடிப்பக்கம் மெலியும். உள்ளே மோதிரம் போல ஒரு கோடு பள்ளமாக விழும். வெளியே ஒன்றும் தெரியாது. நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டுச் சுவரைத் தடவினால் அந்த இடத்தில் தட்டும். தட்டினால் அந்தக் கூட்டுக்கு ஆயுசு முடிந்தது என்று அர்த்தம். அதையும் நிரப்பிச் சுட்டால் என்றாவது ரெண்டாகப் பிய்ந்து, அனல் பின்பக்கமாகச் சுடுகிறவன் கண்ணுக்கு வரும். கண்ணால் பார்க்க முடியாத, விரலால் மட்டும் தெரிகிற கோளாறு என்பதால் அண்ணி அதைத் தேர்ந்தெடுத்தாள். அவன் விரலை அவளால் ஏமாற்ற முடியுமா என்று நான் கேட்டேன். "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, அவளுடைய ஊறுகாய் பீட்ரூட். தட்டுகளை எடுத்தபிறகு என் பெயர் போட்ட டப்பாவை மேசையில் கவிழ்த்தாள். முக்கால்வாசிக் கூடுகளின் வாய் நசுங்கியிருந்தது. காட்டுவதற்காகச் சிலவற்றை மட்டும் நசுக்காமல் விட்டிருந்தாள். அத்தனையும் நல்ல பித்தளை. நசுக்கும்போது அவள் கை எப்படித் துணிந்ததோ.

"வெண்டலோடது எல்லாத்துலயும் கோடு விழுந்துருச்சு ஹார்லன். நீயே பாரு" என்றாள்.

ஹார்லன் சைக்கிள் கம்பியை வளைத்துத் தானே செய்துகொண்ட கொக்கியை எடுத்தான். ஒரு கூட்டை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, கம்பியை விட்டு மெல்ல மேலே இழுத்தான். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. நான் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன், அதில் சர்க்கரையே போடவில்லை. அண்ணி அவன் முகத்தைப் பார்க்காமல் துடைத்த மேசையையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றான் கடைசியில். "இருக்கு. நல்லாவே தட்டுது."

குறட்டை வாங்கி, மிச்சம் இருந்தவற்றையும் அவனே நசுக்கினான். எனக்கு மூச்சு திரும்பி வந்தது. இல்லாத கோடு அவனுக்குத் தட்டுகிறது என்றால் மூளை அவ்வளவு தூரம் போய்விட்டது, சொன்னதைக் கேட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். அவன் நோய் எங்களுக்கு ஒத்தாசை செய்கிறது என்றுகூட நினைத்தேன். அந்த நினைப்புக்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட திருப்தியோடு நான் வீட்டுக்குப் போனேன்.

அக்டோபர் நடுவில் போன் பண்ணினான். குரல் தெளிவாக, பழைய ஹார்லன் மாதிரி இருந்தது.

"அப்பா துப்பாக்கிய எடுத்துட்டு வாடா. பூட்டோட கொண்டா. அறைய ஒரு பார்வ பாக்கணும்."

"அதுக்கு என்ன அவசரம்ணே?"

"உன் கண்ணு ரெண்டும் உனக்கு வேணும்ல? எடுத்துட்டு வா."

நான் யோசித்தேன். வீட்டில் ஒரு தோட்டாவும் இல்லை, எல்லாவற்றையும் நான் பிரித்தாயிற்று. கூடுகள் நசுங்கிவிட்டன. வெறும் துப்பாக்கியை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்துவிடப் போகிறான்? துடைத்து எண்ணெய் போட்டுப் பொழுதைப் போக்கட்டும் என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணி சர்ச்சில் மீன் விருந்துக்கு லெஃப்சா ரொட்டி தேய்க்கப் போயிருந்தாள். அன்றைக்குக் கன்றுகளைச் சந்தைக்கு ஏற்ற வேண்டியிருந்ததால் நானும் உட்காரவில்லை.

"பத்திரம்" என்றேன், எதற்கென்று தெரியாமல்.

"போடா, நீ பொறக்குறதுக்கு முன்னாடியே நான் அதத் துடைச்சவன்" என்றான்.

மதியத்துக்குமேல் அவன் வீட்டுக்குத் திரும்பி வரும்போது, பட்டறைக் கதவிடுக்கில் புகை வந்தது. மரம் கருகும் வாசனை. டிரக்கை நடு முற்றத்திலேயே போட்டுவிட்டு ஓடினேன். ஜாய்ஸ் வீட்டுக்காரனைத்தான் நினைத்துக்கொண்டு ஓடினேன். கதவைத் திறக்கும்முன் கடவுளை வேண்டிக்கொண்டேன், வேண்டிப் பழக்கமில்லாதவன்.

ஹார்லன் நின்றுகொண்டிருந்தான். உயிரோடு, கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு. கையில் இரும்பு வெட்டும் கேஸ் விளக்கு அப்போதுதான் அணைந்திருந்தது. குறட்டு மேசையில் அப்பாவின் துப்பாக்கி இரண்டு துண்டாகக் கிடந்தது. குழல் உடலோடு சேருமிடத்தில் குறுக்கே வெட்டியிருந்தான். கழற்ற மறந்த கட்டை அந்த இடத்தில் எரிந்து கருகியிருந்தது.

உயிரோடு இருக்கிறானே என்ற சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

"என்னண்ணே பண்ணிட்ட?"

"உக்காரு. சொல்றேன். கோவப்படாமக் கேளு." வாத்தியார் மாதிரி விரலை நீட்டிச் சொன்னான். எத்தனையோ மாதமாக அவனிடம் அந்தத் தெளிவை நான் பார்க்கவில்லை. "மத்தவங்க டப்பா எல்லாத்தையும் எடுத்துப் பாத்தேன். லவோன் அதுல ஒண்ணுகூட நசுக்கல. எல்லாம் நல்ல கூடு. கெட்டது பூரா உன் டப்பா மட்டும்தான். ஒரே பித்தள, ஒரே அச்சு, அந்த அச்சு நான் பூட்டி வச்சது, யாரும் தொடல. ஒரு துப்பாக்கியில சுட்டது மட்டும் கெடுதுன்னா தப்பு எங்க இருக்கு? நீயே சொல்லு."

எல்லா டப்பாவிலும் கொஞ்சம் கொஞ்சம் நசுக்கியிருக்கலாம் என்பது அண்ணிக்கும் எனக்கும் தோன்றவே இல்லை. என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று என் டப்பாவை மட்டும் நசுக்கினோம். கூட்டைப் படித்துத் துப்பாக்கியைக் கண்டுபிடிக்கிறவனிடம் அப்படியொரு கூட்டை நீட்டினோம்.

"அறை போயிருச்சுடா" என்றான். "இந்த மாதிரி துப்பாக்கிய விக்கக் கூடாது, குடுக்கக் கூடாது, செவுத்துல மாட்டி வைக்கவும் கூடாது. நாளைக்கி எவனாவது பேரன் எடுத்துச் சுடுவான். கெட்ட கூட்டுக்கு வாய நசுக்குறோம். கெட்ட துப்பாக்கிக்கு இதான்."

சுவரில் ஆணியில் அறையின் நீளத்தை அளக்கிற எஃகுக் கட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பழைய ஹார்லனாக இருந்தால் முதலில் அதை எடுத்து உள்ளே விட்டுப் பார்த்திருப்பான். பூட்டு அதன்மேல் ஒழுங்காக மூடியிருக்கும், துப்பாக்கி தப்பித்திருக்கும். அந்த எஃகுக் கட்டையின் மேல் தூசி கலையாமல் இருந்தது.

"அப்பாவோடதுண்ணே அது."

"எனக்குத் தெரியாதா? அழுதுக்கிட்டேதான் வெட்டுனேன். கண்ணாடிய ரெண்டு தடவ தொடச்சேன்." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான். "அப்பா இருந்தா அவரே வெட்டியிருப்பாரு. நீ செத்துட்டா அந்தத் துப்பாக்கிய வச்சுக்கிட்டு நான் என்னடா பண்றது?"

எய்தவன் இருக்க அம்பை நொந்த கதை, அந்த அம்பும் எங்கள் அப்பாவுடையது. எனக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடித்துக்கொள்ளவும் வேண்டும் போல இருந்தது. இரண்டையும் செய்யாமல் "நல்லவேளை பாத்த" என்றேன். "தேங்க்ஸ்ணே."

அவன் முகம் அப்படி மலர்ந்தது. அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அண்ணி வந்தபோது நாங்கள் சமையலறையில் இருந்தோம். மேசையில் செய்தித்தாள் விரித்து அந்தத் துண்டுகளை வைத்திருந்தான். அவளுக்கும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். அவள் கோட்டைக் கழற்றாமலே நின்று கேட்டாள். நடுவில் ஒருமுறை என்னைப் பார்த்தாள், நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு சர்ச்சிலிருந்து கொண்டுவந்த லெஃப்சாவில் வெண்ணெய் தடவி, சர்க்கரை தூவி, சுருட்டி அவன் முன்னால் வைத்தாள். அவன் பசியோடு சாப்பிட்டான். அவன் அப்படிச் சாப்பிட்டுக் கோடைகாலமே போய்விட்டது என்று அவள் பின்னால் சொன்னாள்.

"நீங்க ரெண்டு பேரும் ரொம்ப நாளா என்னைய ஒரு மாதிரி பாக்குறீங்க" என்றான் மென்றுகொண்டே. "பரவால்ல. இப்பத் தெரிஞ்சுதா? மண்டைல இன்னும் சரக்கு இருக்கு."

"இருக்கு ஹார்லன்" என்றாள் அண்ணி.

"அதனால சொல்றேன். சீசனுக்கு இன்னும் நாள் இருக்கு. வெண்டல், நீ போயி புதுசா ஒண்ணு வாங்கு. கூடும் புதுசா வாங்கிரு. பழைய பித்தளைய நம்ப வேணாம். நாளைக்கே கொண்டா, உக்காந்து நிரப்பிக் குடுத்துடறேன்."

அண்ணி பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பிக் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சும்மா ஓடியது. புதுக் கூட்டில் கோடு விழுந்திருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. அப்பாவின் துப்பாக்கியைக் கொடுத்து நாங்கள் வாங்கியது ஒன்றுமே இல்லை. புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றோம், கையில் பொய்கூட மிச்சமில்லை.

"வேணாம்ணே" என்றேன்.

"என்ன வேணாம்? கல்ல எறிஞ்சா எல்க் அடிப்ப?"

"துப்பாக்கி வாங்குறேன். நீ நிரப்ப வேணாம். இனிமே யாருக்கும் நிரப்ப வேணாம்."

அண்ணி குழாயை மூடினாள். நான் சொன்னேன். ஜல்லிக் குழியில் நடந்தது, மருந்தில்லாத தோட்டாக்கள், கைத்துப்பாக்கி மருந்து போட்ட அந்த ஒன்று. அவன் லெஃப்சாவைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டான். கோபம் வரவில்லை. இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு எது எங்கே சேரும் என்று பார்ப்பானே, அந்த முகம்.

"அது எப்ப?"

"செப்டம்பர்ல."

"அப்ப கூட்ட எங்கிட்டக் காட்டுனது அதுக்கப்பறம்."

"ஆமா."

"கூட்டுல கோடு இல்ல."

"இல்லண்ணே."

"துப்பாக்கி நல்லாத்தான் இருந்துச்சு."

ஆமென்று தலையை ஆட்டினேன்.

"நாந்தான் ஹார்லன்" என்றாள் அண்ணி. "இவன் இல்ல. எல்லாம் நான் சொல்லித்தான். நீ அன்னிக்கிச் சொன்னத நெனச்சுப் பயந்துட்டேன்."

அவன் அவளைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். இவள் யார் என்று தேடுகிறானோ என்று எனக்குப் பயம் வந்தது. அப்படியில்லை.

"எனக்கு ஒண்ணுமே தட்டல லவோன்" என்றான். "அன்னிக்கி எல்லாத்துலயும் கம்பிய விட்டுப் பாத்தேன். வழவழன்னு இருந்துச்சு. நீ கூடு விஷயத்துல பொய் சொல்ல மாட்ட. அப்ப என் வெரல்தான் செத்துப்போச்சுன்னு நெனச்சேன். வெளிய சொன்னா பெஞ்ச எடுத்துருவீங்க. அதான் நானும் இருக்குன்னுட்டேன்."

அண்ணி கோட்டோடேயே நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். ஹார்லன் செய்தித்தாளைத் தன் பக்கம் இழுத்தான். குழலையும் உடலையும் எடுத்து, வெட்டிய முகங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தான். தீ இடையில் இரும்பைத் தின்றிருந்தது, சேரவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தான். பிறகு இரண்டையும் கீழே வைத்தான்.

"அன்னிக்கே எங்கிட்டச் சொல்லியிருந்தா இதாவது மிஞ்சியிருக்கும்டா" என்றான்.

அவன் சொன்னது சரி. அன்று நான் என் வீட்டுக்குப் போகவில்லை. அன்றிலிருந்து மாடுகளுக்குத் தீனி வைக்க மட்டும் போய்வருகிறேன். மற்ற நேரமெல்லாம் அவனைத் தனியாக விடாமல், அவன் எங்கே உட்கார்ந்தாலும் அவன் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன், சீட்டு விளையாட வந்தவன் மாதிரி. எதற்காக உட்கார்ந்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியும்.